அன்புள்ள அழுமூஞ்சி அவர்களுக்கு

நான் பயப்படுகிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுவேன். ஏடிஎம்மில் எனக்குப் பின்னால் யாராவது வந்து நின்றால் என்னுடைய நான்கு எண்களும் மறந்துபோகும். இப்படிப்பட்டவளைக் கூப்பிட்டுத்தான் எங்கள் முதலாளி, "நம்ம கம்பெனிக்கு ஒரு சாஃப்ட்வேர் வாங்கணும்மா. எது வேணும்னு நீதான் பாத்துச் சொல்லணும்" என்றார்.

எங்களுடையது சின்னமனூரில் வாழைத்தார் வாங்கி அனுப்பும் கம்பெனி. தோட்டத்தில் காய் முற்றியதும் எங்கள் ஆட்களே போய்த் தாரை வெட்டி, லாரியில் ஏற்றி, கேரளாவுக்கும் சென்னைக்கும் அனுப்புவார்கள். எந்தத் தோட்டத்தில் என்றைக்கு வெட்டு, எத்தனை ஆள், எந்த வண்டி என்பதையெல்லாம் ஆபீசில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொள்வது நான். பதினான்கு வருடமாக ஒரு போன், இரண்டு நோட்டு, கொஞ்சம் தலைவலி, இவற்றை வைத்தே அந்த வேலை ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளிக்கு இந்த ஆசை ஒரு கல்யாண வீட்டில் பிடித்தது. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த இன்னொரு வாழை வியாபாரி தன் போனைத் திறந்து, எந்த லாரி எந்த ஊரைத் தாண்டுகிறது, எந்தத் தோட்டத்தில் எத்தனை தார் வெட்டியாயிற்று என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாராம். எங்கள் முதலாளி அன்றைக்குப் பாயசம்கூட வாங்காமல் எழுந்துவிட்டார்.

"இது சரியா அமைஞ்சா நீதான் மேனேஜர்" என்றார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "அமையலைன்னா, அந்த மெஷினப் பாத்துக்கத் தெரிஞ்ச ஆளா ஒருத்தர வேலைக்கு வச்சுக்க வேண்டியதுதான்" என்றும் சேர்த்துக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை எடுக்க வேண்டியதுதான் என்பது மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். மகள் மதுரையில் நர்சிங் இரண்டாம் வருடம். வீட்டில் சம்பாதிக்கிற கை என்னுடையது மட்டும்தான். இந்த வேலை போனால் அவள் படிப்பு அங்கேயே நிற்கும்.

முதலில் வந்தவர் சென்னைக்காரர். வந்தவர் என்றால் திரையில் வந்தவர். "உங்க ப்ராடக்ட் ஒவ்வொண்ணுக்கும் சீரியல் நம்பர் உண்டா மேடம்?" என்று கேட்டார். தாருக்கு நம்பரா, சீப்புக்கு நம்பரா, பழத்துக்குப் பழம் நம்பரா என்று கேட்டேன். நான் கேலி செய்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். நிஜமாகவே பயந்துபோய்த்தான் கேட்டேன். உட்கார்ந்து நம்பர் ஒட்டச் சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது.

இரண்டாவது ஆள் கோயம்புத்தூரிலிருந்து டை கட்டிக்கொண்டு நேரிலேயே வந்தார். அவர்களுடைய மென்பொருள் மோட்டார் பம்பு கம்பெனிகளுக்காகச் செய்தது. அதில் செவ்வாழை என்று எழுதியதும், 'வாரண்டி எத்தனை மாதம்?' என்று ஒரு கட்டம் வந்தது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடமாட்டேன் என்றது. "சும்மா பன்னிரண்டு போட்டு விடுங்க மேடம்" என்றார். பன்னிரண்டு மாதம் செவ்வாழை கெடாது என்று எங்கள் கம்பெனி பெயரில் ஒரு காகிதம் வெளியே போய், அதை ஒருவன் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பது போலவே எனக்கு இரண்டு நாள் தோன்றிக்கொண்டிருந்தது. அவரை அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது, தேனி அல்லிநகரத்தில் இரண்டு பேர் மட்டும் நடத்தும் ஒரு சின்ன நிறுவனம். அந்த இரண்டு பேரில் ஒருத்தி ஸ்கூட்டரில் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். தமிழிலேயே பொத்தான்கள் வைத்திருந்தாள். அவள் பேசும்போது எனக்கு நெஞ்சு படபடக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே, "ஒரு மாசம் ஓட்டிப் பாப்போம்" என்று சொல்லிவிட்டேன்.

"விவசாயிங்க பேர், போன் நம்பர் லிஸ்ட் குடுங்க மேடம், நான் ஏத்திட்டு வர்றேன்" என்றாள்.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் குலசாமி பெயரைத்தான் மூத்த பிள்ளைக்கு வைப்பார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். அதனால் ஒரே ஊரில் ஒரே பெயரில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். ஒருமுறை பெயரை மட்டும் சொல்லி ஆள் அனுப்பி, அவர்கள் வேறு ஒருவருடைய தோட்டத்தில் பிஞ்சுத் தாரை வெட்டிச் சாய்த்துவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து வெட்டு மேஸ்திரி தன் நோட்டில் பட்டப்பெயரைத்தான் எழுதுவார். பட்டப்பெயரைச் சொன்னால் தோட்டம் தவறாது. ஆக, பில் புத்தகத்தில் நிஜப்பெயர் இருக்கும், போன் நம்பர் இருக்காது. வெட்டு நோட்டில் போன் நம்பர் இருக்கும், நிஜப்பெயர் இருக்காது.

இரண்டையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். வெட்டு நோட்டு எனக்குப் புதிதில்லை. பார்த்துப் பார்த்துப் பழகி, அதில் இருப்பவை பட்டப்பெயர்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எங்களுக்கு அவைதான் பெயர்கள். அவளோ வெளியாள். பில் புத்தகத்துப் பெயர்களை நம்பர் இல்லாமலும், வெட்டு நோட்டில் இருந்ததை அப்படியே நம்பரோடும் பெயர் என்ற கட்டத்தில் அடித்துவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. முதலாளி எர்ணாகுளம் போயிருந்தார். அவள் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, நான் தனியாகத் திரை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதையோ தொட்டேன். 'வரவேற்புச் செய்தியை அனைவருக்கும் அனுப்பலாமா?' என்று ஒரு கேள்வி வந்தது. கீழே பச்சையில் 'ஆம்'. சிவப்பில் 'இல்லை'.

எனக்குச் சிவப்பு என்றால் பயம். 'இல்லை' என்று அமுக்கினால் அந்தப் பெண் மூன்று நாள் உட்கார்ந்து ஏற்றியது எல்லாம் அழிந்துவிடுமோ என்று பயந்தேன். அதனால் பச்சையை அமுக்கினேன்.

திரையில் ஒரு பட்டியல் கீழே இருந்து மேலே ஓடியது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு டிக். 'அன்புள்ள ரேடியோ அவர்களுக்கு, எங்கள் நிறுவனத்தின் புதிய சேவைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். இனி உங்கள் தோட்டத்தின் வெட்டு நாள் உங்கள் கைபேசிக்கே வரும்.' அடுத்து, 'அன்புள்ள கோழித்தூக்கம் அவர்களுக்கு.' அடுத்து, 'அன்புள்ள ஓசிப் பீடி அவர்களுக்கு.' நிறுத்துகிற பொத்தான் எங்கே என்று தேடினேன். கை ஆடியதில் மவுஸ் மேசையிலிருந்து கீழே விழுந்தது. அதை எடுத்து மேலே வைப்பதற்குள் பட்டியல் முடிந்துவிட்டது.

முதல் போன் ஐந்தாவது நிமிடம் வந்தது.

"ஏத்தா, யாருத்தா எனக்கு ஓசிப் பீடின்னு பேரு வச்சது? நான் பீடிய விட்டே நாலு வருசம் ஆச்சு. அதையும் சேத்து எழுதச் சொல்லு."

அடுத்தது ஒரு பெண் குரல். "எங்க வீட்டுக்காரரு போனுக்கு 'அன்புள்ள ரெண்டு பொண்டாட்டி அவர்களுக்கு'ன்னு வந்துருக்கு. எனக்குத் தெரியாம இன்னொருத்தி எங்கன இருக்கா? உங்க கம்பெனிக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியலையே!"

நான் பதறி மேஸ்திரிக்குப் போன் போட்டேன். அவர் ஏதோ ஒரு தோட்டத்துக்குள் இருந்து கத்தினார். "யக்கா, அது அவருக்கு வச்ச பேரில்ல, அவக அப்பனுக்கு வச்சது. இவருக்கு அப்படியே வந்துருச்சு. அந்தம்மாகிட்ட மாமனாரு கதையச் சொல்லிருங்க." அந்த அம்மாளுக்கு அவருடைய மாமனார் கதையை நான் எப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.

நடுவில் ரேடியோ கூப்பிட்டார். அவருக்குக் கோபமே இல்லை. முக்கால் மணி நேரம் ஊர்க்கதை பேசினார்.

அவர் வைத்த பிறகுதான் எனக்கு அந்தப் பட்டியலை முழுதாகப் பார்க்கத் தைரியம் வந்தது. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் அது இருந்தது. பெயர்: அழுமூஞ்சி. டிக் விழுந்திருந்தது.

அழுமூஞ்சி என்று எங்கள் ஆட்கள் தங்களுக்குள் சொல்கிறவர், மேகமலை ரோட்டுப் பக்கம் பெரிய தோட்டம் வைத்திருப்பவர். ஆறடி ஆள், வெள்ளை மீசை. அவர் வாசலில் வந்து நின்றாலே லோடுமேன்கள் பீடியை அணைத்துவிட்டு நிற்பார்கள். அவர் முகத்துக்கு முன்னால் இந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. அந்த வாரம் ஓணத்துக்குப் போக வேண்டிய நேந்திரம் முக்கால்வாசி அவர் தோட்டத்துக் காய்தான். வியாழக்கிழமை வெட்டு. வெட்டு வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஓண லோடு இல்லை. ஓண லோடு இல்லை என்றால் நான் இல்லை.

அவருக்கு நானே முந்திப் போன் செய்து மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். நம்பரை எடுத்தேன். எடுத்து என்னவென்று கூப்பிடுவது? அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவருடைய நிஜப்பெயர் எனக்குத் தெரியாது. பில் அவர் மகன் பெயரில் போகும். ஆபீசில் 'பெரிய தோட்டத்துக்காரர்'. வெட்டு நோட்டில் இது. பதினான்கு வருடமாகப் பேசுகிற மனிதரின் பெயர் தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் அவருடைய பழைய மொபெட் சத்தம் கேட்டது.

ஆபீசில் இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வெளியே வேலை வந்துவிட்டது. டீ வாங்கப் போனவர் ஒருவர், டீ கிளாஸைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் ஒருவர். நான் மட்டும் இருந்தேன்.

"முதலாளி இல்லையா?"

"எர்ணாகுளம் போயிருக்காகய்யா. உக்காருங்கய்யா."

உட்கார்ந்தார். போனை எடுத்து மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "கண்ணாடிய வீட்ல விட்டுட்டு வந்துட்டேன். உங்க கம்பெனில இருந்து என்னமோ வந்துருக்கு. படி ஆத்தா, கேப்போம்."

எழுத்துகள் பெரிதாக, தெளிவாக இருந்தன. படிக்க முடியாது என்று சொல்ல வழியில்லை. அந்த நொடியில் எனக்கு ஒரு புத்தி வந்தது. பயந்தவர்களுக்குத்தான் அப்படியெல்லாம் வரும்.

"இதுல சில பேருக்குப் பேரு தப்பு தப்பா விழுந்துருக்குய்யா. உங்க பேரச் சொன்னீங்கன்னா, சரியா இருக்கான்னு பாத்துப் படிச்சிருவேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் பெயரைச் சொன்னார். இன்ஷியலோடு, பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி முழுதாகச் சொன்னார்.

நான் போனைக் கையில் எடுத்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அன்புள்ள என்பதற்குப் பின்னால் அந்தப் பெயரைப் போட்டு, கடைசி வரி வரைக்கும் படித்தேன். படித்து முடித்து, "சரியாத்தான்யா இருக்கு" என்றேன்.

"அப்படியா போட்டுருக்கு?"

"ஆமாய்யா."

"எம்மருமக வேற மாதிரில்ல படிச்சா."

சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அது ஓடும்போது சத்தம் போடும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன், நோட்டு என்றேன், பச்சை என்றேன், என் மகள் நர்சிங் படிக்கிறாள் என்றேன். எதுவும் ஒன்றோடொன்று சேரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அந்தப் பேரு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீக? உங்க முதலாளி இருக்காருல்ல, அவக அப்பா வச்சது. எனக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு. மொதமொதல்ல வாழை போட்டேன். ஆடிக் காத்துல ஒரே நாள்ல பூராம் சாஞ்சிருச்சு. ஒரு மரம் நிக்கலை. அந்தா, அங்கன எடை போடுற எடத்துல நின்னு அழுதேன். துண்ட வாயில வச்சுக்கிட்டு அழுதேன். எல்லாரும் பாத்தாக."

நான் எடை போடும் இடத்தை எட்டிப் பார்த்தேன்.

"அன்னைக்கு எம்பக்கத்துல இன்னொருத்தனும் நின்னான். அவனுக்கும் பூராம் போச்சு. அவன் ஒரு சொட்டு அழுகல. மறுவருசம் நெலத்த வித்துட்டு ஊரைவிட்டே போயிட்டான். நான் அழுது முடிச்சுட்டுப் போயி மறுபடி கன்னு ஊண்டினேன். பேரு எனக்குத்தான் வந்துச்சு, அவனுக்கு இல்ல." மீசையைத் துடைத்துக்கொண்டார். "சரி, இப்ப அதுல எம்பேர மாத்து. நான் பாக்கணும்."

கணினியைத் திறந்தேன். அழுமூஞ்சி என்பதை அழித்துவிட்டு அவர் சொன்ன பெயரை அடித்தேன். உடனே திரையில் சிவப்பில் ஒரு பெட்டி வந்தது. 'இந்தப் பெயரில் ஏற்கெனவே பதினோரு பேர் உள்ளனர். வேறுபடுத்திக் காட்ட ஓர் அடையாளம் தேவை.'

"என்னவாம்?"

சொன்னேன். சொல்லாமல் இருக்கும் தெம்பு எனக்கு இல்லை.

அவர் குனிந்து அந்தச் சிவப்புப் பெட்டியைப் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்க, சத்தமே இல்லாமல் சிரித்தார். "பதினோரு பேரா? அப்ப அந்த மெஷினுக்கும் அதே தொல்லைதானா? பழைய பேரையே போடு. இல்லைன்னா வியாழக்கிழமை உங்க ஆளுக எவன் தோட்டத்துலயாவது போயி நிப்பாங்க. ஆனா அது உங்களுக்குள்ள இருக்கட்டும். வெளிய வர்ற காயிதத்துல எம்பேரு வரட்டும்."

வியாழக்கிழமை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வெட்டு இருக்கிறது.

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "உனக்கு வரலையா ஒண்ணு?"

"எனக்கு எப்படிய்யா வரும்? நான் விவசாயி இல்லையே."

"எம்பேர எல்லாரும் படிச்சீகள்ல. உம் போனையும் பாரு."

காலையிலிருந்து என் போனை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்தேன். இருந்தது. வெட்டு நோட்டில் நான் புரட்டியே பார்க்காத கடைசி அட்டையில், தார்க் கணக்கைச் சொல்வதற்காக, மேஸ்திரி என் நம்பரையும் தன் வழக்கப்படி எழுதி வைத்திருந்திருக்கிறார். அதையும் அந்தப் பெண் விடாமல் ஏற்றியிருக்கிறாள்.

"படி" என்றார்.

"வேணாம்யா."

"படி ஆத்தா."

படித்தேன். "அன்புள்ள நடுங்கி அவர்களுக்கு."

அவர் என் கையைப் பார்த்தார். போன் ஆடிக்கொண்டிருந்தது. "மேஸ்திரி சரியாத்தான் வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

முதலாளியின் போன் மூன்று மணிக்கு வந்தது. பதில் பேசுவதற்கு முன்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, எனக்கும் ஒண்ணு வந்துச்சு. அந்தப் பேரு... நம்ம ஆளுக எல்லாருக்கும் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது முதலாளி" என்றேன். லாரி டிரைவர்கள் முதல் எதிர்த்த டீக்கடை வரைக்கும் தெரியும். மேஸ்திரியின் அந்தக் கடைசி அட்டையில் அவர் நம்பரும் இருந்திருக்கிறது. அவருக்கு என்ன பெயர் என்பதை நான் எங்கேயும் சொல்லப் போவதில்லை. எனக்கு இன்னும் அங்கேதான் வேலை.

"பெரிய தோட்டத்துக்காரரு இப்பத்தான் பேசுனாக" என்றார். "வெட்டு நாள் சொல்றதெல்லாம் இனிமே உங்க ஆபீசுல இருக்க அந்தப் புள்ளையே சொல்லட்டும், வேற ஆளு வேணாம்னு சொன்னாக. என்ன சொல்லி வச்சிருக்க அவருகிட்ட?" நான் பதில் சொல்வதற்குள், "சரி சரி, எது வாங்குனாலும் உள்ள ஒரு பேரு, வெளிய ஒரு பேரு வைக்க எடம் இருக்கான்னு பாத்து வாங்கு" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மென்பொருள் விற்க யார் வந்தாலும் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டேன். மறுபடி திரையில் வந்த சென்னைக்காரருக்குக் கேள்வியே புரியவில்லை. விடாமல் மறுபடி வந்த கோயம்புத்தூர்க்காரர், ஒரு மோட்டாருக்கு எதற்கு இரண்டு பெயர் என்றார். அல்லிநகரத்துப் பெண் இரண்டு நாளில் ஒரு கட்டத்தைக் கூடுதலாக வைத்துக் கொடுத்தாள். அவளிடமே வாங்கினோம்.

இப்போது வாரத்துக்கு ஒருநாள் நான்தான் அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்குகிறேன். அமுக்குவதற்கு முன் ஒவ்வொரு பெயராக மூன்று முறை பார்க்கிறேன். பயம் கொஞ்சமும் குறையவில்லை. தன் தோட்டத்து வெட்டு நாள் செய்தி வந்தால் பெரிய தோட்டத்துக்காரர் மொபெட்டில் வந்து, போனை என் பக்கம் திருப்பி வைப்பார். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருக்கும். நான் அன்புள்ள என்று தொடங்கி அவர் பெயரை முழுதாகப் படிப்பேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னொருக்கப் படி" என்பார். படிப்பேன்.

பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நிற்கிற லோடுமேன்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார்.

"வரட்டா, நடுங்கி?"